டேஷ்போர்டு: சேற்றுத் தட்டி காருக்குள் வந்த கதை

ஒரகடம் பக்கம் வண்டியை நிறுத்தி "ஆர்.சி. புக் எங்கப்பா?" என்று கேட்டால், "டேஷ்போர்டுல இருக்கு சார்" என்று ஓட்டுநர் இடப்பக்கம் சாய்ந்து ஒரு மூடியைத் திறப்பார். அகராதிப்படி அவர் திறப்பது குளோவ் பாக்ஸ், அதாவது கையுறைப் பெட்டி. நம் வெயிலில் கையுறை போட்டு யார் கார் ஓட்டுகிறார்கள்? அந்தப் பெயர் இங்கே ஒட்டவில்லை. பெட்டி, அது பதிந்திருக்கும் முகப்பு, பிள்ளையார் உட்காரும் மேற்பரப்பு எல்லாமே நமக்கு டேஷ்போர்டுதான்.

ஆங்கில 'டேஷ்' என்பதற்கு அடிப்பது, மோதித் தெறிப்பது என்று பொருள். 'சாரல் அடிக்குது' என்கிறோமே, அந்த அடி. குதிரைக் குளம்பு கிளப்பும் சேறும் கல்லும் கோச்சு வண்டிக்காரர் மேல் அடிக்காமலிருக்க, அவர் கால்களுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தினார்கள். சில வண்டிகளில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். இதற்கு டேஷ்போர்டு என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சேறிவிட்டது. திண்ணையில் சாரலுக்குக் கட்டும் தட்டியின் வேலைதான் அதற்கும். அன்றே தமிழில் பெயர் வைத்திருந்தால் 'சேற்றுத் தட்டி' என்றாகியிருக்கும். மதராஸில் கோச்சு கட்டும் கம்பெனியாக சிம்ப்சன் தொடங்கியது 1840இல். அங்கேயே 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். குதிரை வண்டி கட்டிய பட்டறைகளே கார் கட்டப் புகுந்ததால், வண்டிச் சொற்களும் காருக்குள் ஏறிக்கொண்டன.

குதிரை போன பிறகும் பலகை போகவில்லை. 1901இல் வந்த ஓல்ட்ஸ்மொபைலுக்கு எஞ்சின் இருக்கைக்கு அடியில். காலுக்கு முன்னால் இருந்தது மேல்நோக்கி வளைந்த பலகை மட்டுமே. அந்தக் காரே 'கர்வ்டு டேஷ்' என்றுதான் பெயர் வாங்கியது. எஞ்சின் முன்பக்கம் வந்ததும், அதன் சூட்டையும் எண்ணெயையும் தடுக்கும் பொறுப்பு பலகைக்கு. தடுப்பு என்று ஒன்று இருக்கவே மீட்டர்களையும் அதிலேயே பொருத்தினார்கள். சேறு தடுக்கும் வேலை மட்கார்டுக்குப் போயிற்று. பெயரை மட்டும் டேஷ்போர்டு விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரகடம் வழியாகப் போகும் வாலாஜாபாத் சாலை கிழக்கே வண்டலூரில் முடிகிறது. அந்தப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியின் ஆலை இருந்தது. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. அதன் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. அதே சேஸியைக் குறுக்கி 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். ஆங்கில ஹெரால்டின் முகப்பு முதலில் அழுத்திய நார் அட்டை, பிறகு மர வெனீர். ஸ்பிட்ஃபயரும் பின்னாளில் வெனீருக்கு மாறியது. மரம் உப்பும், வார்னிஷ் உரியும். இன்று பழைய கார்க்காரர்கள் அஞ்சும் வெடிப்பு வேறு.

அது மெத்தையோடு வந்தது. மோதலில் தலை இடிக்கும் இடங்கள் மெத்தென்று இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1968 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் இரும்பு முகப்பை எடுத்துவிட்டுக் கறுப்பு நுரைத் திண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். குளோவ் பாக்ஸுக்கும் இடமில்லாமல் போயிற்று. எம்.ஜி. ஆலை இருந்த ஊர்ப் பெயரைச் சேர்த்து 'ஆபிங்டன் தலையணை' என்று ரசிகர்கள் அதற்குப் பட்டம் கட்டினார்கள்.

இந்த வகை டேஷ்போர்டில் உள்ளே சட்டம், நடுவில் பாலியூரித்தேன் நுரை, மேலே பி.வி.சி. தோல். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது; அதை மிருதுவாக்குவது அதில் கலக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் படியும் பிசுக்கில் அதற்கும் பங்குண்டு. எண்ணெய் வற்றிய தோல் சுருங்கி, ஸ்பீக்கர் துளை ஓரம், காற்று வரும் வாய், திருகு மூலை என்று பலவீனமான இடம் பார்த்துப் பிளக்கும்.

பாடிக்குப் பட்டி பார்ப்பது நம் பட்டறைகளுக்குக் கைவந்த வேலை. அதே பட்டி இங்கே உதவாது. காய்ந்தால் கல்லாகிவிடும், வெயிலில் தோல் விரியும்போது கூடவே நகராமல் ஓரத்தில் புதிதாகக் கோடு விடும். வெடிப்பின் இரண்டு உதடுகளும் சுருண்டு மேலே நிற்கும். அவற்றை 'வி' வடிவில் சீவி, துருத்தும் நுரையைத் தோல் மட்டத்துக்குக் கீழே தேய்த்து இறக்கி, நெகிழ்ந்து கொடுக்கும் கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். நல்ல பகுதியிலிருந்து தோல்வரியை அச்செடுத்து அதன்மேல் பதித்து, கடைசியில் வினைல் பெயின்ட்.

ரெக்ஸின் போர்த்துவது இன்னொரு வழி. ரெக்ஸின் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் வணிகப் பெயர். நம்மிடம் செயற்கைத் தோல் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. வளைவுகளில் சுருக்கம் விழாமல் தைக்கத் தெரிந்த கை வேண்டும். பழைய முகப்பின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டும் வேலை எனக்கு உடன்பாடில்லை. பின்னால் அதைக் கழற்றப் போனால் அடியிலுள்ள தோலும் சேர்ந்து உரிந்து வரும்.

இதற்குள் சொல் வேறு பக்கமும் கிளை விட்டது. கணக்குகளை ஒரே பார்வையில் காட்டும் கணினித் திரையும் டேஷ்போர்டுதான். 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அத்தகைய ஏற்பாட்டுக்குத் தமிழில் 'தகவல் பலகை' என்று பெயர். போர்டு தமிழானது, டேஷ் கழன்றது. கார் ஆலைகளிலோ அந்தச் சொல்லே ஒதுங்குகிறது. மீட்டர், ஏ.சி., வயரிங், ஏர்பேக் எல்லாம் ஒரு குறுக்குச் சட்டத்தில் பூட்டி, முழுதாகக் கதவு வழியே நுழைத்து முடுக்கும் அந்தத் தொகுதிக்கு 'காக்பிட் மாட்யூல்' என்று பெயர். காக்பிட் என்றால் முதலில் சேவல் சண்டைக் குழி. கப்பல், விமானம் என்று சுற்றிவிட்டுக் காருக்கு வந்திருக்கிறது. சேவல்கட்டு தெரிந்த நாட்டில் அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

கலவைப் பூச்சும் ரெக்ஸினும் பழைய கார்களோடு சரி. ஏர்பேக் வெளியே வரும்போது முகப்பு பிளந்து வழிவிட வேண்டும். அதற்காகப் பல கார்களில் தோலின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டில் பலவீனமாக்கி வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் கலவை பூசினாலோ மேலே ரெக்ஸின் தைத்தாலோ பை நேரத்துக்கு வெளியே வராமல் போகலாம். அங்கே வெடிப்பு விழுந்தால் முகப்பையே மாற்ற வேண்டியதுதான்.