தினாரும் டெனியரும்: ஒரு திருத்தம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க மலரில் அடியேன் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். 'தினம்' என்ற சொல்லிலிருந்துதான் அரபு நாட்டுத் 'தினார்' பிறந்தது, ஒருநாள் கூலி என்பதே அதன் பொருள் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். பலர் பாராட்டினார்கள். பொங்கல் விழாவில் பொன்னாடையும் போர்த்தினார்கள். அது தப்பு. நான் எழுதியதை நானே திருத்துவதுதான் முறை.

முதலில் கேட்டவள் என் பேத்தி. "தாத்தா, தினம்ங்கிறதே வடசொல்தானே? அதை எப்படித் தமிழ்ச்சொல்னு போட்டீங்க?" என்றாள். பதில் இல்லை. சரி, சொல்லின் வேரைத் தேடலாம் என்று உட்கார்ந்தேன்.

வேர் ரோமாபுரியில் இருக்கிறது. கி.மு. 211 வாக்கில் ரோமர்கள் 'தெனாரியுஸ்' என்ற வெள்ளிக்காசு அடித்தார்கள். லத்தீனில் 'தேனி' என்றால் பத்துப் பத்தாக என்று பொருள். பத்து 'ஆஸ்' (அது வெண்கலக்காசு) பெறுமானம் என்பதால் அந்தப் பெயர். கி.மு. 141 வாக்கில் அதன் மதிப்பைப் பதினாறு ஆஸ் ஆக்கினார்கள். பெயர் மட்டும் பத்திலேயே நின்றுவிட்டது. நம் பழைய ரூபாய்க்கும் 16 அணாதான். வியாபாரிக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஆக, அந்தச் சொல்லில் நாளும் இல்லை, கூலியும் இல்லை. எண்ணிக்கைதான் இருக்கிறது.

ரோமப் பேரரசு போன பிறகும் சொல் போகவில்லை. ஸ்பானியர் பணத்தையே 'தினேரோ' என்கிறார்கள், போர்த்துக்கீசியர் 'தின்ஹெய்ரோ', இத்தாலியர் 'தெனாரோ'. ஒரு காசின் பெயர் எல்லாப் பணத்துக்கும் பெயராகிவிட்டது, நாம் 'கையில காசு இல்லை' என்பதுபோல. சார்லமேன் அரசர் காலத்தில் ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு என்று கணக்கு வைத்தார்கள். இங்கிலாந்தும் அதே கணக்கைப் பிடித்துக்கொண்டது. அங்கே பென்னிக்கு 'பி' போடாமல் 'டி' என்று சுருக்கெழுத்துப் போட்டார்களே, அந்த 'டி' தெனாரியுஸின் முதலெழுத்து. 1971 பிப்ரவரி 15-ல் தசமக் கணக்குக்கு மாறும்வரை அது இருந்தது.

பிரெஞ்சில் அதுவே 'டெனியர்' ஆயிற்று. இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூரத்தில் நாற்பது வருஷமாக நூல் வியாபாரம் செய்கிறேன். "75 டெனியர் என்ன ரேட்?" என்பதுதான் காலையில் முதல் போன். அது ஒரு பழங்காசின் பெயர் என்று ஒருநாளும் தோன்றவில்லை! பிரான்சில் டெனியர் காசாகவும் இருந்தது, சிறு எடையாகவும் இருந்தது. அந்த எடையால் பட்டுநூலை நிறுத்தார்கள். பிற்பாடு அளவை ஒழுங்குபடுத்தியபோது 450 மீட்டர் நூல் 0.05 கிராம் இருந்தால் ஒரு டெனியர் என்றானது. இருபதால் பெருக்கிப் பாருங்கள்: 9,000 மீட்டருக்கு ஒரு கிராம். நாம் இன்று பில் போடும் கணக்கு அதேதான்.

கிழக்கே போன கிளை வேறு. கிரேக்கர் வாயில் 'தேனாரியோன்' ஆகி, மேற்காசிய மொழிகளில் புகுந்து, அரபியில் 'தீனார்' ஆனது. ரோமில் வெள்ளி, அங்கே தங்கம். கலீபா அப்துல் மாலிக் 696-97-ல் அடித்த புதிய தினார் நாலேகால் கிராம் பொன். குவைத்திலும் பஹ்ரைனிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சம்பளம் வாங்குவது இந்தப் பெயரில்தான்.

இந்தியாவுக்கும் அரபுகளுக்கு முன்பே சொல் வந்துவிட்டது. குப்தர்களின் பொற்காசுக்குத் 'தீனாரம்' என்றே பெயர். சாஞ்சியில் இரண்டாம் சந்திரகுப்தன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 412-13, பிக்குகளுக்குச் சோறு போடவும் விளக்கெரிக்கவும் 25 தீனாரம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது.

இன்னொன்று என் காதிலேயே பல வருஷம் விழுந்தது. பர்யூஷண் நாட்களில் குஜராத்தி சுவேதாம்பர நண்பர்கள் கல்பசூத்திரம் வாசிப்பார்கள். நாங்கள் திகம்பரர், எங்களுக்கு அந்த நூல் கிடையாது. திரிசலைத் தாயார் கண்ட கனவுகள் அவர்களுக்குப் பதினான்கு, எங்களுக்குப் பதினாறு. ஆனாலும் கூப்பிட்டால் போய் உட்காருவேன். அதில் கனவில் வரும் திருமகள் மார்பில் தீனார மாலை அணிந்திருக்கிறாள். ரோமக் காசின் பெயர் திருமகள் கழுத்தில்! அந்தப் பகுதி ரோமக் காசு இங்கே பழகிய பிறகே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நம் கொங்கு நாட்டில் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த தெனாரியுஸ் காசுகள் பானை பானையாகத் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. பானையில் இருந்த காசை விட்டுவிட்டு, இல்லாத வேரை நான் தோண்டியிருக்கிறேன்.

அந்தப் பழைய மலர் உங்கள் வீட்டில் இருந்தால், என் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுதிவைக்கப் போகிறார்கள்.