ஒரு கால்வாயும் ஒரு குளிர்காலமும்



அமெரிக்காவில் மிச்சிகன் ஏரி அருகே வசிக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, இங்கே சின்ன மீன்கள் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்குகின்றன. குளிர்தான் காரணமாம். மீனுக்குமா குளிரும்?" என்று கேட்டிருந்தார். குளிரும் தம்பி. ஆனால் கதை 1829இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டுதான் நயாகரா அருவியைச் சுற்றிக் கப்பல் செல்ல வெல்லண்ட் கால்வாய் திறக்கப்பட்டது. அருவி தடுத்து வைத்திருந்த உயிர்களுக்கும் அது வழிவிட்டது. ஏல்வைஃப் என்ற அட்லாண்டிக் மீன், நம் மத்திக்குத் தூரத்து உறவு, 1933இல் ஹூரான் ஏரியிலும் 1949இல் மிச்சிகன் ஏரியிலும் தென்பட்டது. அதே வழியில் வந்த லாம்ப்ரே ஒட்டுண்ணியும், அளவுமீறிய மீன்பிடியும் அங்கிருந்த பெரிய டிரவுட் மீன்களை அழித்துவிட்டன. தின்ன ஆளில்லாமல் ஏல்வைஃப் பெருகியது.

இது கடல் மீன். கடும் குளிர் தாங்காது. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்று படித்தீர்களே, அதனால் சிறிய குளத்தில் மேலே பனி உறைந்தாலும் அடியில் 4 டிகிரி நீர் தங்கும். பெரிய ஏரியைக் காற்று கலக்கிக்கொண்டே இருப்பதால், கடுங்குளிர் ஆண்டுகளில் அடிநீரும் அதற்குக் கீழே போய்விடும். அப்போது மீனின் உடலில் உப்புச் சமநிலை குலையும். கொழுப்புச் சேமிப்பு குறைந்த குஞ்சுகள் முதலில் சாகும். தப்பியவை மெலிந்து, வசந்தத்தில் கரைக்கு வரும்போது வெப்பநிலை மாற்றத்தில் மடியும்.

1967இல் மிச்சிகன் ஏரிக் கரைகளில் செத்த மீன்களைப் புல்டோசர் வைத்து அள்ளினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டே, மிச்சிகன் மாநில மீன்வளத் தலைவர் ஹோவர்ட் டேனர், ஏல்வைஃபைத் தின்பதற்காகப் பசிபிக் கோஹோ சால்மன் குஞ்சுகளை விடச் செய்திருந்தார். சால்மன் கொழுத்தது; தூண்டில்காரர்கள் குவிந்தார்கள்; கரையோர ஊர்கள் அதை நம்பியே பிழைத்தன.

2003, 2004இல் ஹூரான் ஏரியில் ஏல்வைஃப் கூட்டம் சரிந்தது. சால்மனின் பசி, அயல் சிப்பிகளால் குறைந்த உணவு, கடுங்குளிர் எல்லாம் சேர்ந்துகொண்டன. பின்னாலேயே சால்மனும் குறைந்தது. படகும் விடுதியும் நடத்தியவர்கள் தவித்தார்கள். ஆனால் ஏல்வைஃப் தின்றுகொண்டிருந்த வாலை மீன் குஞ்சுகள் பிழைத்தன. அந்த மண்ணின் மீன் மீண்டும் பெருகியது.

ஒரு குளிர்காலம் யாருக்கு இழப்பு, யாருக்கு வாழ்வு என்று நீங்களே சொல்லுங்கள், பிள்ளைகளே. இதற்கு மதிப்பெண் கிடையாது.