டெல்லியில் மரத்தைக் கட்டிப்பிடித்தவர்கள்

வகுப்பில் சிப்கோ இயக்கத்தைப் பற்றிச் சொன்னால், "அது காட்டுல நடந்தது தானே சேர்" என்பார்கள் பிள்ளைகள். எங்களுக்கும் அந்த நினைப்புத்தான். 1974இல் இமயமலைக் கிராமமான ரேணியில் கௌரா தேவியும் அயல் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய கதை அவ்வளவு பிரபலம்.

ஆனால் 44 வருஷம் கழித்து, டெல்லி நகருக்குள்ளேயே அது திரும்ப நடந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர் உட்பட ஏழு அரச ஊழியர் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடி கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை அனுமதித்திருந்தது. அதற்காக 14,000க்கும் மேற்பட்ட மரங்கள் போக வேண்டும். 1994ஆம் ஆண்டின் டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒரு மரத்திலும் கை வைக்க முடியாது. அந்த அனுமதியையே எழுதிக் கொடுத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம் என்றார்கள். அரை நூற்றாண்டு வேம்புக்குப் பத்துக் கன்று! கணக்குப் பாடத்தில் வேண்டுமானால் சரிவரும்.

வீடு தேவைதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. மரத்தை விட்டுவிட்டு வரைபடம் கீற முடியாதா என்பதுதான் கேள்வி.

2018 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. சரோஜினி நகரில் சனம் கூடி மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றது. மறுநாளே டெல்லி உயர் நீதிமன்றம் ஜூலை 4 வரை வெட்டுவதை நிறுத்தியது. வழக்குப் போட்டவர் ஓர் எலும்பு வைத்தியர். பிறகு தடை நீண்டது, வரைபடமும் மாறியது.

நவ்ரோஜி நகருக்கு மட்டும் பிந்திவிட்டது. அங்கே பெரும்பாலான மரங்கள் அதற்கு முதலே விழுந்திருந்தன.