சிலிம் ரிவரில் முதுமை: உங்கள் ஊர் எப்படித் தயாராகலாம்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களை 'பேபி பூமர்' தலைமுறை என்பார்கள். அவர்களில் மூத்தவர்களுக்கு 2026இல் 80 வயது. கடைசியாகப் பிறந்தவர்களோ 2024லேயே 60ஐத் தொட்டுவிட்டார்கள். மலேசியாவில் 60 வயதானாலே மூத்த குடிமகன்தான். அதாவது, உங்கள் தாத்தா பாட்டியின் தலைமுறை முழுவதும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

சரி, இதற்கும் சிலிம் ரிவருக்கும் என்ன சம்பந்தம்?

பேராக் ஏன் சீக்கிரம் முதுமை அடைகிறது?

மக்கள்தொகையில் 65 வயதைக் கடந்தவர்கள் 7 விழுக்காட்டை எட்டினால், அது முதுமை அடையும் சமுதாயம். 14 விழுக்காட்டை எட்டினால் முதுமை அடைந்த சமுதாயம். முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதற்குப் போக பிரான்சுக்கு 115 ஆண்டுகள் கிடைத்தன. மலேசியாவோ 2020 வாக்கில் முதல் கட்டத்தைத் தொட்டது. 2044இல் இரண்டாவதைத் தொடும் என்று உலக வங்கி கணித்துள்ளது. நமக்குக் கிடைப்பது 24 ஆண்டுகள்தான்.

நாட்டிலேயே மூத்தவர்களின் பங்கு அதிகமுள்ள மாநிலங்களில் பேராக் ஒன்று. காரணம் உங்களுக்கே தெரியும். படிப்பு, வேலை என்று இளைஞர்கள் கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது பெரியவர்கள். முவாலிம் மாவட்டத்தில், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில் இருக்கும் சிலிம் ரிவரிலிருந்து வெளியே போவதும் சுலபம். நெடுஞ்சாலையும் இருக்கு, ரயிலும் இருக்கு.

தோட்டத் தலைமுறையின் நிலை ஏன் வேறு?

இந்த வட்டாரத்தின் தமிழ்ப் பெரியவர்கள் பலர் ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். அவர்களுக்கு மூன்று சிக்கல்கள் சேர்ந்தே வருகின்றன.

முதலாவது, பணம். ஊழியர் சேமநிதி (ஈ.பி.எஃப்) 1951இல் தொடங்கியது. ஆனால் அதில் சேரும் தொகை சம்பளத்தைப் பொறுத்தது. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம், தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்று, 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1953க்கு முன் பிறந்தவர்கள் அதற்குள் 60ஐ எட்டிவிட்டார்கள். நாள் கூலிக்குப் பால்மரம் வெட்டியவர் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கும்?

இரண்டாவது, வீடு. தோட்டத்து லயத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் போச்சு. ரப்பர் போய் செம்பனை வந்தபோதும், நிலம் கைமாறியபோதும், பல குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் சிதறின.

மூன்றாவது, தூரம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தோட்டத்தில் கோயில், கடை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாமே நடக்கும் தூரத்தில் இருந்தன. தாமானில் எதற்கும் கார் வேண்டும். பெரியவருக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்த பிள்ளை சிலாங்கூரில் இருக்கிறார். சிலிம் ரிவரில் அரசு மருத்துவமனை இருந்தாலும், அங்கே கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் அது வெகு தூரத்தில் இருப்பது போலத்தான்.

உதவிகள் இருக்கின்றன, போய்ச் சேருகின்றனவா?

வருமானமும் குடும்ப ஆதரவும் இல்லாத மூத்தவர்களுக்குச் சமூகநலத் துறை (ஜே.கே.எம்) மாத உதவி தருகிறது. 2021இல் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆன தொகை, 2025இல் 600 ரிங்கிட் ஆனது. படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் தனி உதவி உண்டு. குறைந்த வருமானமுள்ள, 40 வயதைக் கடந்தவர்களுக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. யாருமே இல்லாதவர்களுக்காக பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானிலும் தைப்பிங்கிலும் 'ஸ்ரீ கெனாஙான்' அரசு இல்லங்கள் இருக்கின்றன.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பம் போட வேண்டும், மலாயில் பாரம் நிரப்ப வேண்டும், நீல அடையாள அட்டை வேண்டும். இங்கேயே பிறந்தும் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவருக்கு, குடிமக்களுக்கான உதவி கிடைக்காது. சிலிம் ரிவர் போன்ற ஊரில் திட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான்.

ஓர் ஊர் என்ன செய்யலாம்?

மூத்தோருக்கு உகந்த நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. போக்குவரத்து, வீடு, பொது இடம், சுகாதாரச் சேவை, சமூகப் பங்கேற்பு உள்ளிட்ட எட்டு அம்சங்கள் அதில் உண்டு. பேராக்கிலேயே தைப்பிங் அந்தப் பாதையில் இறங்கியிருக்கிறது. ஜப்பான் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கி, 40 வயதானவர்களிடமிருந்தே சந்தா வாங்குகிறது.

அவ்வளவு பெரிய பணம் நம்மிடம் இல்லையே என்கிறீர்களா? கேரளாவைப் பாருங்கள். அங்கே நோயுற்றவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்க, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் மக்களின் சிறு நன்கொடைகள் அதற்குக் கைகொடுத்தன. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது.

சிலிம் ரிவரில் கோயில், தமிழ்ப்பள்ளி, இளைஞர் மன்றம் மூன்றும் சேர்ந்தால் இதைத் தொடங்கலாம். தனியாக இருப்பவர்களின் பட்டியல், வாரம் ஒரு முறை வீட்டுக்கு ஓர் ஆள், மருத்துவமனைத் தவணை நாளில் ஒரு வேன். பெரியவர்கள் கூடிப் பேசவும் உடற்பயிற்சி செய்யவும் ஜே.கே.எம் ஆதரவில் நடக்கும் 'பாவே' எனும் மூத்தோர் நடவடிக்கை மையம் போன்ற ஒன்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் இந்த லீவுக்கு ஊருக்குப் போனால்?

"எனக்கு ஒன்னும் வேணாம்பா" என்றுதான் பாட்டி சொல்வார். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். நான்கு வேலைகள்:

1. அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் பாருங்கள். பெயரிலோ தேதியிலோ குழப்பம் இருந்தால் தேசியப் பதிவுத் துறைக்குக் கூட்டிப்போங்கள்.

2. ஈ.பி.எஃப் கணக்கில் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், பின்னால் குடும்பம் அலைய நேரிடும்.

3. தகுதி இருந்தால் ஜே.கே.எம் உதவிக்கு நீங்களே உட்கார்ந்து விண்ணப்பியுங்கள். அம்மா அப்பா 60ஐத் தொடாமல் சொந்தத் தொழில் செய்தால், 'ஐ-சாரான்' திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் போடும் சேமிப்புக்கு அரசு ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை தருகிறது.

4. கழிவறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவு விளக்கு. பெரிய செலவு இல்லை; ஆனால் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலரால் மறுபடி பழையபடி நடக்க முடிவதில்லை.

மலாய்ப் பாரத்தை வாசித்து, அதைத் தமிழில் பாட்டிக்கு விளக்க உங்களால் முடியும். கடைசிப் படியில் ஊருக்குத் தேவைப்படுவது அந்த ஆள்தான். 2044 வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.