மடத்து முயலும் கூண்டு முயலும்

மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் எட்டாத இடத்தில் நாலு கூண்டு வைத்து, இறைச்சிக்கு முயல் வளர்த்துத் தன் கையையே நம்பி வாழ்வது மேற்கத்திய நடுத்தர வர்க்கத்தில் ஒரு பகுதியின் இன்றைய கனவு. அதற்குச் சொல்லும் நியாயங்கள் பொய்யில்லை. ஒரு மாசம்தான் சினை. புல்லும் தழையும் தின்று வளரும். அறுத்தால் ஒரு வேளைக்குச் சரியாகப் போகும், மிச்சத்தைப் பாதுகாக்கக் குளிர்பெட்டி வேண்டாம். ஆனால் இதை 'இயற்கைக்குத் திரும்புதல்' என்னும்போதுதான் இடிக்கிறது. இந்தக் கூண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அது அதிகாரத்தின் வரலாறு.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே முயல் மண்ணின் பிராணி இல்லை. நார்மன்கள் வந்த பிறகு, 12ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் காலூன்றியது. பிரபுக்களும் மடங்களும் அதற்கென்று மண்மேடு எழுப்பி, காவலுக்கு ஆள் போட்டு வளர்த்தார்கள். விலை கோழியைவிடப் பல மடங்கு. பிடிக்கும் உரிமைக்கு அரசனின் பட்டயம் வேணும். முயல் குடியானவன் பயிரைத் தின்னலாம். அவன் முயலைத் தின்னக் கூடாது.

1381இல் உழவர் எழுச்சி செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்கு வருகிறது. ஊர் அங்கிருந்த மடத்துக்குச் சொந்தம். தானியத்தை மடத்தின் ஆலையில்தான் அரைக்கணும், கூலியும் கட்டணும். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வீடுகளில் இருந்த திருகைகளைப் பிடுங்கி, அந்தக் கற்களை மடத்தில் தளமாகப் பாவியிருந்தார்கள். எழுந்த ஜனங்கள் அவற்றைப் பெயர்த்து, உடைத்து, கோயிலில் அப்பம் பங்கிடுகிற மாதிரி ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். வயலில் உயிரோடு பிடித்த ஒரு முயலைக் கொண்டுவந்து, குற்றவாளிகளைப் பூட்டி நிறுத்தும் தண்டனை மரத்தில் கட்டினார்கள்: வேட்டை உரிமை இனி எங்களுக்கு என்பதற்கு அடையாளம். இதையெல்லாம் எழுதி வைத்தவர் அந்த மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்ஹாம். எதிரியின் எழுத்து வழியாகத்தான் அந்த முயல் நம்மிடம் வந்து சேர்கிறது. (ரணஜித் குஹாவைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.)

எழுச்சி நசுக்கப்பட்டது. ஊர்த் தலைவர் வில்லியம் கிரிண்ட்காப் தூக்கிலிடப்பட்டார். 1390இல் வந்த சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் பெறுமான நிலம் இல்லாத பாமரன் வேட்டை நாயோ வலையோ வைத்திருக்கக் கூடாது என்றது. காரணத்தையும் மறைக்கவில்லை: வேட்டை என்ற சாக்கில் கூடிக் கலகத்துக்குச் சதி செய்கிறார்களாம்! 1723இல் ஆயுதத்தோடு முகத்தில் கரி பூசி முயல் பட்டியில் திருடினால் தூக்கு. இ.பி. தாம்ப்சன் இந்தக் கறுப்புச் சட்டத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

1880இல்தான் குத்தகைக்காரனுக்குத் தான் உழும் நிலத்தில் முயல் பிடிக்கும், யாரும் பறிக்க முடியாத உரிமை கிடைத்தது. அதற்குள் முயல் பெருகிப் பயிருக்குப் பகையாகிவிட்டது. 1954இன் சட்டமோ முயலைக் கொல்வதை நிலம் வைத்திருப்பவனின் கடமையாகவே ஆக்கியது. உரிமையானாலும் கடமையானாலும் நிலம் உள்ளவனுக்குத்தான்.

நிலமற்ற கூலிக்கு? அவனுக்குக் கிடைத்தது கொல்லைக் கூண்டு. 1820களில் வில்லியம் காபெட் உழைக்கும் குடும்பங்களுக்கு எழுதிய கையேட்டில் ரொட்டி, பன்றி, பசுவோடு முயல் வளர்ப்பும் வருகிறது. பொது நிலங்கள் வேலிக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது. செயின்ட் ஆல்பன்ஸ் ஜனங்கள் கேட்டது கூண்டு இல்லை. மேய்ச்சலும் மீனும் வேட்டையும் வீட்டுத் திருகையும் ஊருக்கே பொதுவாக வேணும் என்றுதான் கேட்டார்கள்.