இசைத்தட்டும் இயக்குகருவியும்: கொங்குநாட்டு இசைச் சான்றுகளைக் குறித்து ஓர் ஆய்வு

ஏட்டுச்சுவடியை ஆராய்வோர், அதனை எழுதினோர் கைவழக்கினை முதற்கண் அறிதல் மரபு. இசைத்தட்டினைச் சான்றாகக் கொள்வோர்க்கும் அத்தகைய கடப்பாடு உண்டு. தட்டின் வடிவினையும் இயக்குகருவியின் இயல்பினையும் நோக்காது கூறும் முடிபு பிழைபடும் என்பதே ஈண்டு யாம் நிறுவ முற்படுவது.

கொங்குநாட்டுக் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) நாடக மேடையிற் பெற்ற புகழ் இசைத்தட்டுகளின் வாயிலாகவும் பரவிற்று. அக்காலத்து வழங்கியவை நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டே. மேடையிலோ, அவையோர் வேண்ட ஒரே பாட்டினைப் பன்முறை பாடுதல் வழக்கு. ஆதலின், தட்டிற் காணும் சுருக்கங்கொண்டு மேடைப்பாட்டின் அளவினை அறுதியிடல் பொருந்தாது.

இனிச் சுழற்சியை நோக்குவோம். பழந்தட்டுகள் யாவும் சரியாக 78 சுழற்சியிற் பதிவு செய்யப்பட்டவை அல்ல. 74 சுழற்சியிற் பதிந்த தட்டினை 78-ல் இயக்கின், சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும், பாட்டும் விரையும். சுந்தராம்பாளின் உச்சக்குரலை அளந்துரைக்கப் புகுவோர் இதனை மறத்தலாகாது.

ஊசியும் கருதத்தக்கதே. 1948-ல் அமெரிக்காவில் வெளிவந்த நெடுந்தட்டிற்குரிய ஊசிமுனையின் ஆரம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்களவினது. அரக்குத் தட்டிற்குரியதோ ஏறத்தாழ மூன்று பங்களவினது. நெடுந்தட்டின் ஊசி அரக்குத் தட்டின் அகன்ற பள்ளத்தில் நிலைகொள்ளாது அடியில் உராயும், இரைச்சல் மிகும். பழைய கிராமபோனின் எஃகு ஊசியும் கனத்த ஒலிமுனையும் பள்ளத்தையே தேய்க்கும். ஆதலின், சுழற்சியை நுட்பமாக மாற்றவல்லதும், இலேசான கையும் 78-க்குரிய ஊசியும் உடையதுமான கருவியே ஆய்வுக்கு ஏற்றது.

பதிவுக்கருவி மாறின் சான்றின் அளவும் மாறும். கொங்குநாட்டு அண்ணன்மார் கதையைப் பிரண்டா பெக் 1965-ல் ஒலிநாடாவிற் பதிவு செய்தார். பல இரவுகள் தொடரும் அக்கதைப்பாட்டு மூன்று நிமிடத் தட்டில் அடங்குதல் யாங்ஙனம்? தட்டில் இடம்பெறாமையால் ஒரு பாட்டு வழக்கில் இல்லை எனத் துணிதல் தவறு என்பது இதனாற் பெறப்படும்.

கொங்குநாட்டு இல்லங்களில் எஞ்சியுள்ள அரக்குத் தட்டுகள், தகாத ஊசியால் இயக்கப்பெறின் சிதையக்கூடும். சிதைந்த பள்ளம் மீளாது. எனவே மாணாக்கர், தட்டினை இயக்குமுன் கருவியைத் தேர்ந்து, எவ்வூசியால் எச்சுழற்சியிற் கேட்டனர் என்பதையும் ஆய்வேட்டிற் குறித்தல் வேண்டும். பாடவேறுபாடு காட்டும் பதிப்புநெறி இசையாய்விற்கும் உரியதே.