இராணிக்கெட்டிலிருந்து லயத்து வாசல் வரை

இலங்கை மலைநாட்டின் சரித்திரத்தில் நோய்க்கும் ஓர் இடமுண்டு. 1869ஆம் ஆண்டில் தலைகாட்டிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்தது; அதன் பின்னரே நுவரெலியா, ஹட்டன் மலைகளெங்கும் தேயிலை பரவிற்று. அந்நோய் துரைமாரின் செல்வத்தைத் தொட்டது. ஆதலின் நூல்களில் ஏறிற்று. தொழிலாளர் வீட்டின் சிறு செல்வத்தைத் தொட்ட நோய் ஒன்றும் உண்டு. அதன் கதையையே இன்று கூற விழைகிறேன்.

தோட்டத்து நிலம் தோட்டத்துக்கு உரியது. லயத்துக் காம்பிராவும் தோட்டத்துக்கே உரியது. கொழுந்து பறிக்கும் பெண் தனதென்று சொல்லிக்கொள்ளக்கூடியவை சிலவே. அவற்றுள் ஒன்று வாசலில் மேயும் கோழி. முட்டை விற்ற காசு பிள்ளையின் கொப்பிக்கு ஆகும். சேவல் முனியாண்டிக்கோ ரோதை முனிக்கோ நேர்ந்துவிட்டதாக இருக்கும். இந்தச் சேமிப்பை ஒரே வாரத்தில் துடைத்தெடுத்துச் செல்லும் கொள்ளைநோயே இராணிக்கெட் என்பது. வெள்ளைக்கழிச்சல் என்று நம்மவர் கூறுவதும் இதனையே.

1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் என்னும் துறைமுக நகரை அடுத்த பண்ணைகளிலும் கோழிகள் திரள் திரளாக மடிந்தன. ஜாவாவில் கிரானெவெல்டு என்பவர் இந்நோயை விவரித்தார். அதுவரை அறியப்பட்டிருந்த கோழிக் கொள்ளைநோயினின்றும் இது வேறானதொரு வைரஸினால் வருவது என்பதை 1927இல் டாயில் என்ற ஆராய்ச்சியாளர் நிறுவி, நியூகாசில் நோய் எனப் பெயரிட்டார். அதே காலத்தில் இமயமலைச் சாரலின் குமாவோன் பகுதியிலுள்ள இராணிக்கெட் நகரிலும் இந்நோய் கண்டது. எட்வர்ட்ஸ் என்பவர் அதனை ஆராய்ந்து எழுதினார். சில ஆண்டுகளுக்குள் இலங்கையிலும் அது காலூன்றிவிட்டது. கப்பலும் இரயிலும் மனிதரை எவ்வளவு விரைவாகச் சுமந்தனவோ, அவ்வளவு விரைவாகவே நோயையும் சுமந்தன. தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் உண்டா என்று சோதித்தே அனுப்பினார்கள். கூடைக்குள் இருக்கும் கோழியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கொண்டு செல்வோரை நிறுத்திச் சோதிப்பார் எவருமில்லை.

நோயின் குறிகளைப் பலரும் கண்டிருப்பர். கோழி இறகைச் சிலிர்த்துத் தூங்கி வழியும். வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். பச்சையும் வெண்மையுமாகக் கழியும். பிழைத்து நிற்பதற்குக் கழுத்துத் திருகி, கால் சோர்ந்துபோவதும் உண்டு. தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் இறந்துபடலாம். நோய் கண்டபின் அதனைத் தீர்க்கும் மருந்து கிடையாது. மஞ்சளும் உள்ளியும் அரைத்துப் புகட்டுவது நம் மன ஆறுதலுக்கேயன்றி வைரஸை அழிப்பதற்கு அன்று.

தனி வீட்டுக்காரர் தம் கோழியை அடைத்துவைத்துக் காக்கலாம். லயத்தில் அது எளிதன்று. பத்துக் குடும்பங்களுக்கு வாசல் ஒன்று, கான் ஒன்று, கோழிகள் மேயும் குப்பை மேடும் ஒன்று. எச்சத்திலிருந்தும் மூக்கு நீரிலிருந்தும் பரவும் இந்நோய்க்கிருமி, ஈரமும் குளிரும் உள்ள இடத்தில் நெடுநாள் உயிர்த்திருக்கும். மலைநாட்டுச் சீதோஷ்ணம் தேயிலைக்கு எவ்வளவு இசைந்ததோ, அதற்கும் அவ்வளவு இசைந்தது.

இதனினும் பெரியதோர் இடர் உண்டு. இரண்டு கோழி செத்தவுடன், எஞ்சியவற்றையாவது காசாக்கிவிடுவோம் என்று சந்தைக்கு விரைவது மனித இயல்பு. ஏழைக் குடும்பத்தின் அச்செயலைப் பழிப்பது நமக்கு எளிது. ஆயினும் அந்தக் கூடையில் ஏறித்தான் நோய் அடுத்த தோட்டத்துக்குச் செல்கிறது. அங்கேயும் அத்தகைய ஒரு பெண்ணின் சேமிப்பையே அது அழிக்கிறது.

இனி, காப்பு வந்த கதையைக் கேளுங்கள். இராணிக்கெட் அமைந்துள்ள அதே குமாவோன் மலைகளில்தான் முக்தேசுவரமும் உள்ளது. அங்கே 1893 முதல் இயங்கிய கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில், 1940களில், நோய்க்கிருமியைக் கோழி முட்டைக் கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வீரியத்தைத் தணித்து, தடுப்பு மருந்தாக்கினார்கள். நோய்க்குப் பெயர் தந்த மலையே அதற்குக் காப்பும் தந்தது எனலாம். பின்னர், இளங்குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விடத்தக்க மென்மையான மருந்துகள் வந்தன. வெப்பத்தை ஓரளவு தாங்கும் மருந்தும் பிறகு ஆஸ்திரேலியாவில் உருவாயிற்று.

மருந்து இருந்தும் நோய் ஏன் ஒழியவில்லை? மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போதுமானது. கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் அதனைச் செலுத்தி முடிக்க வேண்டும். ஒரு வீட்டில் இருப்பதோ ஐந்தாறு கோழி. தனியொருவர் வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். லயம் முழுவதும் ஒரே நாளில் ஒன்றுகூடினால், ஒரு குப்பியே எல்லோருக்கும் காப்பாகும். வாசல் பொதுவாக இருப்பது நோய்க்கு வழியாயிற்று; அதுவே தடுப்புக்கும் வழியாகலாம்.

ஆகவே, நேயர்களே, கோழி ஒன்று வாடக் கண்டால் உடனே அதனைத் தனியே அடையுங்கள். அயலாருக்கு மறைக்காது கூறுங்கள். கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவியுங்கள். செத்ததை ஓடையில் எறியாது, சுண்ணாம்பு இட்டு ஆழப் புதையுங்கள். புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் பிரித்துவையுங்கள். நலமாயுள்ள கோழிகளுக்குப் பருவந்தோறும் மருந்து இடும் நாளை, லயத்தார் அனைவரும் கூடிப் பேசி, சம்பள நாளைப் போல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.